காலையில கார்ன்ஃபிளேக்ஸா, கடலைக்காயா? பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததுல வந்த சந்தேகம்

வெள்ளகோயில்_பொண்ணு (திருப்பூர்):

வணக்கமுங்க. பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். ஸ்கூல் வேன் 7:40க்கு முக்குல வந்து நின்னுரும். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலை. அதனால ஒரு வருசமா காலையில அவனுக்குக் கார்ன்ஃபிளேக்ஸும் பாலுந்தான். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுரும், அடம் புடிக்காமச் சாப்பிடுவான். ஆனா பத்தரை மணி இண்டர்வெல்லுக்குள்ள பசிச்சுருதுங்கறான். கணக்கு பீரியட்ல டெஸ்க்குல தலையை வெச்சுப் படுத்துக்கறான்னு மிஸ் டைரியில எழுதி அனுப்பிச்சுட்டாங்க.

போன வாரம் எங்கம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. மஞ்சப்பையில ரெண்டு படி கடலைக்காய். உப்புப் போட்டு வேகவெச்சு, பருப்பா உரிச்சு அவன் டப்பாவுல ஒரு கை அள்ளிப் போட்டு உட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பசியே எடுக்கலைங்கறான். வீட்டுக்காரர் பொழுதோட வந்ததும், "கடலையில பூராக் கொழுப்பு, சின்னப் பையனுக்கு எதுக்குக் கொலஸ்ட்ரால்"னு சொல்லிட்டாரு. அம்மா ஒண்ணும் பேசலை. எனக்குத்தான் வெசனமாப் போச்சு.

ராத்திரி பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சேன். 100 கிராமுக்கு 378 கலோரி. புரதம் 7.5 கிராம், மாவுச்சத்து 85, அதுல சர்க்கரை 9, நார்ச்சத்து 3, கொழுப்பு 1க்கும் கீழ. கடலைக்காய்க்கு லேபிள் இல்லையே, எதோட ஒப்பிடறது? எது நல்லதுன்னு ஒத்தை வார்த்தையில வேண்டாமுங்க, ஏன்னு சொன்னாப் போதும்.

உணவியல்_கோவை:

வணக்கம்மா. கடலைக்கும் லேபிள் இருக்கு, பையில ஒட்டலை, அவ்வளவுதான். ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல நம்ம நாட்டு உணவுகளோட சத்து அட்டவணையை வெளியிட்டாங்க. அதுல நிலக்கடலை 100 கிராமுக்கு சுமார் 520 கலோரி, புரதம் 24 கிராமை ஒட்டி, கொழுப்பு 40, நார்ச்சத்து 10, மாவுச்சத்து 17.

பார்த்த உடனே கடலை மூணு மடங்கு புரதம்னு தோணும். 100 கிராமுக்கு 100 கிராம் வெச்சா அது சரி. ஆனா யாரும் ரெண்டையும் ஒரே எடையில சாப்பிடறதில்லை. ஒரு டம்ளர் நிறைய கார்ன்ஃபிளேக்ஸ் போட்டா 30 கிராம்கூட வராது, அத்தனையும் காத்து. அதே டம்ளர்ல உரிச்ச நிலக்கடலையை நிரப்பினா 140 கிராம் போல வரும், 700 கலோரியைத் தாண்டிரும். அதனால கண்ணளவுல ஒப்பிட்டா ஏமாந்து போவோம்.

நான் எப்பவும் 100 கலோரிக்கு எவ்வளவு புரதம்னு பார்ப்பேன். கார்ன்ஃபிளேக்ஸ்ல 100 கலோரிக்கு 27 கிராம் போடணும், புரதம் 2 கிராம் கிடைக்கும். கடலையில 19 கிராம் போதும், புரதம் நாலரை கிராம். அப்போ வித்தியாசம் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. பசும்பால்லயும் 100 கலோரிக்கு ஏறக்குறைய அதே நாலரை கிராம்தான். உங்க பையன் கிண்ணத்துல 30 கிராம் ஃபிளேக்ஸும் 150 மில்லி பாலும் இருந்தா, அதுல இருக்கிற 7 கிராம் புரதத்துல 5 கிராம் பால் கொடுத்தது.

கொலஸ்ட்ரால் விஷயத்தை உங்க வீட்டுக்காரர்கிட்ட நிதானமாச் சொல்லுங்க. கடலையில கொலஸ்ட்ரால் கிடையவே கிடையாது. செடியில விளையற எதுலயும் பேச்சுக்குக்கூட இருக்காது. கொழுப்பு நிறைய இருக்கு, உண்மை. அதுல பாதி ஆலிவ் எண்ணெயில இருக்கிற ஓலிக் வகை, மூணுல ஒரு பங்கு லினோலிக், ரெண்டும் நிறைவுறாக் கொழுப்பு. ரத்தத்துல கொலஸ்ட்ராலை ஏத்தற நிறைவுற்ற கொழுப்பு அஞ்சுல ஒரு பங்குக்கும் குறைவு.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாத்து இல்லைம்மா. ஒண்ணு தானியம், இன்னொண்ணு எண்ணெய்வித்து. ஒரு கிண்ணத்துல ரெண்டுக்கும் இடம் இருக்கு, அளவுதான் கேள்வி.

உடுமலை_மக்காச்சோளம்:

நான் படிச்சதெல்லாம் தோட்டமும் கோழிப் பண்ணையுந்தானுங்க. எங்க பக்கம் மக்காச்சோளம் வெளையாத காடு கொஞ்சம். மூட்டை புடிச்சா எல்லாம் பல்லடம், நாமக்கல் தீவன ஆலைக்குத்தான் போகும். அந்தக் கணக்குல ஒண்ணு சொல்றேன்.

கோழித் தீவனத்துல 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 55, 60 கிலோ. அது தெம்புக்கு. ஆனா வெறும் சோளத்தைப் போட்டு எவனும் கோழி வளர்க்க மாட்டான். சோயாப் புண்ணாக்கு சேர்க்கணும், அதுவும் பத்தாதுன்னு லைசின், மெத்தியோனின்னு புரதத்தோட கூறுகளைத் தனியா வாங்கிக் கலக்கணும். சோளத்துப் புரதத்துல லைசின் கம்மி. அது இல்லைன்னா தீனி எத்தனை தின்னாலும் குஞ்சு எடை புடிக்காது, ரெக்கை ஒழுங்கா மொளைக்காது. நாப்பது நாள் கோழிக்கு நாம இத்தனை பார்க்கறமே, பள்ளிக்கூடம் போற பையனுக்குப் பார்க்க வேண்டாமுங்களா?

இன்னொண்ணு. எங்க காட்டுச் சோளம் முழுசா இருந்தா நார்ச்சத்து 100க்கு 12 கிராம் இருக்குதுங்க. உங்க பாக்கெட்டுல 3ன்னு சொல்றீங்க. மீதி எங்க போச்சு? மேல்தோலையும் முளையையும் எடுத்துட்டு நடுவுல இருக்கிற மாவுப் பகுதியை மட்டும் உடைச்சு, சர்க்கரைப் பாகு, மால்ட் (முளைகட்டின தானியச் சாறு), உப்புப் போட்டு வேகவெச்சு, உருளையில நசுக்கி வறுக்கறாங்க. முளையிலதான் எண்ணெய்ச்சத்து இருக்கும், அது போச்சுன்னாத்தான் ரொம்ப நாள் கெடாம இருக்கும். அவங்களுக்கு அது வேணும், நமக்கு வேண்டியது அதோட போயிருது.

உணவியல்_கோவை:

அண்ணா, லைசின் சொன்னது ரொம்பச் சரி. அதுல ஒண்ணு சேர்க்கணும். கடலையிலயும் லைசின் குறைவுதான். அதனால ஃபிளேக்ஸ் மேல கடலை தூவினா புரதம் கூடும், ஆனா லைசின் குறை முழுசாத் தீராது. அதைத் தீர்க்கிறது பால், தயிர், முட்டை, பருப்பு வகைகள். கொள்ளு, பாசிப்பயறு இதுலயெல்லாம் 100 கலோரிக்கு ஏழு கிராமை ஒட்டிப் புரதம் இருக்கு, லைசினும் உண்டு. நம்ம ஊர் அரிசிம்பருப்புச் சோறு அந்தக் கணக்குக்குச் சரியாப் பொருந்தும்.

7 முதல் 9 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரை 23 கிராம் புரதம். 30 கிராம் கடலையில 7 கிராம் வந்துருது, மூணுல ஒரு பங்கு.

பெருந்துறை_ரவுண்டானா:

நான் மாத்துக் கருத்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போன வருசம் டயட்டுன்னு கார்ன்ஃபிளேக்ஸை உட்டுட்டு வறுத்த கடலை, முந்திரி, பாதாம்னு மாறினேன். ஆரோக்கியம்னு நெனச்சுட்டு டிவி பார்க்கும்போது டப்பாவைத் தொறந்து வெச்சுக்குவேன். அஞ்சு மாசத்துல 4 கிலோ ஏறிருச்சு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, மாவுக்கும் புரதத்துக்கும் 4. நட்ஸ்னாலே நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எவ்வளவுன்னு யாருமே சொல்றதில்லை. உங்க வீட்டுக்காரர் பயப்படறதுல நியாயம் இருக்குதுங்க.

உணவியல்_கோவை:

நீங்க சொல்றதை நான் தினமும் பார்க்கறேன். ஒரு நாளைக்கு 30 கிராம் வாக்குல, உள்ளங்கையில மூடிப் புடிக்கிற அளவு. அதுக்கு மேல வேண்டாம். டப்பாவோட உட்காராதீங்க, எண்ணி எடுத்துட்டு மூடி வெச்சுருங்க.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. கொட்டைகள்ல இருக்கிற கொழுப்பு பூராவும் உடம்புல சேர்றதில்லை. 2012ல அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் பாதாமை ஆளுங்களுக்குக் கொடுத்து அளந்து பார்த்தாங்க. 28 கிராமுக்கு 170 கலோரின்னு அச்சடிச்சிருந்த இடத்துல உடம்பு எடுத்துக்கிட்டது 129தான். நாம மெல்றதுல செல் சுவர் எல்லாம் உடையறதில்லை, உள்ள இருக்கிற எண்ணெய் அப்படியே வெளிய போயிருது. முழுப் பருப்புக்கு இது பொருந்தும், அரைச்சு வெண்ணெயா தின்னா இந்தச் சலுகை குறைஞ்சுரும்.

முந்திரியும் பாதாமும் ஒரே சாதி இல்லை. பாதாம்ல 100 கிராமுக்கு நார்ச்சத்து 12, 13 கிராம், வைட்டமின் ஈ 25 மில்லிகிராம், கால்சியம் 230 மில்லிகிராமை ஒட்டி. முந்திரியில நார்ச்சத்து 4தான். கடலை விலைக்கு முந்திரி வாங்க முடியாது, வாங்கினாலும் புரதத்துல கடலைதான் மேல.

தாராபுரம்_அப்பாரு:

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருசமுங்க. ஆஸ்பத்திரியில காலையில ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ் எடுத்துக்கச் சொன்னாங்க. பேரன் வாங்கிக் கொடுத்த மிஷின்ல ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பார்த்தா, கார்ன்ஃபிளேக்ஸ் தின்ன அன்னிக்கு 240. கம்பஞ்சோறும் மோரும் குடிச்ச அன்னிக்கு 180ஐத் தாண்டலை. பாக்கெட்டுல இனிப்புக் கம்மிதானே, அப்பறம் ஏன் இப்படி ஏறுதுங்க?

உணவியல்_கோவை:

அப்பாரு, அது இனிப்பால இல்லைங்க. வேகவெச்சு நசுக்கி வறுத்த மாவு வாயில போட்டதுமே கரையும், சீக்கிரம் குளுக்கோஸா மாறிரும். சர்க்கரை ஏத்தற வேகத்தை கிளைசெமிக் இண்டெக்ஸ்னு சொல்றோம். குளுக்கோஸை 100ன்னு வெச்சா கார்ன்ஃபிளேக்ஸ் 80ஐ ஒட்டி வரும், கடலை 20க்கும் கீழ. பையன் பத்தரை மணிக்குப் படுத்துக்கறதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம். சர்க்கரை வேகமா ஏறி வேகமா இறங்கும்போது திரும்பப் பசிக்கும்.

கம்புல 100 கிராமுக்கு நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல, புரதமும் 11, இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல. ஆனா சோறு நிறைய போட்டுக்கிட்டா அதுவும் ஏத்தும். மிஷின் காட்டற எண்ணை எழுதி வெச்சு டாக்டர்கிட்டக் காட்டுங்க, மாத்திரையை நீங்களா மாத்தாதீங்க.

கோபி_டீச்சர்:

நான் எட்டாவதுக்கு அறிவியல் எடுக்கறேன். இரும்புச்சத்து சேர்த்ததுன்னு எழுதியிருக்கிற ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் பாக்கெட்டை வகுப்புக்குக் கொண்டு போனேன். பிள்ளைங்க ஒரு பிளாஸ்டிக் கவர்ல ரெண்டு கை ஃபிளேக்ஸைப் போட்டு டம்ளர் அடியால நல்லாத் தூளாக்குனாங்க. வெந்நீர் ஊத்திக் கஞ்சி மாதிரி கலக்கி, கவருக்கு வெளிய நல்ல சக்தியுள்ள காந்தத்தை வெச்சு மெதுவா ஒரு மூலைக்கு இழுத்தோம். பத்து நிமிசத்துல கவரோட உள்பக்கம் மயிரிழை மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. காந்தத்தை நகர்த்தினா அதுவும் நகர்ந்துச்சு. இரும்புத் தூள்தான். கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் "டீச்சர், இதையா திங்கறோம்"னு முகத்தைச் சுளிச்சான்.

நான் சொன்னேன், பயப்பட வேண்டாம், வயித்து அமிலத்துல அது கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு உடம்புக்குப் போகும். ரத்தசோகை நிறைய இருக்கிற நம்ம ஊர்ல சேர்த்தது தப்பும் இல்லை. ஆனா தோலையும் முளையையும் எடுக்கும்போது போன சத்தைத் திரும்பப் போடறாங்கங்கறதும் உண்மை. பி வைட்டமின்களும் ஃபோலிக் அமிலமும் அப்படித்தான். திரும்பப் போடறது சிலதை மட்டும். நார்ச்சத்தையும் மக்னீசியத்தையும் அப்படிப் போடறதில்லை. கடலையில ஃபோலேட், நியாசின்கிற ரெண்டு பி வைட்டமினும் மக்னீசியமும் இயல்பாவே இருக்கு.

எந்த இரும்பா இருந்தாலும் கூடவே ஒரு நெல்லிக்காய்த் துண்டோ கொய்யாவோ இருந்தா உடம்பு நல்லா இழுத்துக்கும். டீ குடிச்சா அவ்வளவா இழுக்காது.

சிவகிரி_செக்கு:

எங்களுக்கு எண்ணெய்ச் செக்கு. கடலையைப் பத்தி எல்லாரும் நல்லதே சொல்லிட்டீங்க, ஒரு கெட்டதும் சொல்லணும். சொல்லாட்டித் தப்பு.

பூசணம். கடைசி மாசத்துல மழை பொய்ச்சுக் கொடி வாடினாலும், புடுங்கிப் போட்ட காய் சரியாக் காயாம மூட்டை புடிச்சாலும் பருப்புல ஒரு பச்சை மஞ்சப் பூசணம் வரும். அது அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சை உண்டாக்கும், ஈரலுக்கு ஆகாது. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துப் போச்சு. என்ன நோவுன்னே தெரியாமத் தேடி, கடைசியில தீவனத்துல போட்ட கடலைப் புண்ணாக்குலதான் அந்த நஞ்சு இருந்துச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. உடுமலையார் சொன்ன தீவனத்துக்காரங்க கடலைப் புண்ணாக்குன்னா இன்னிக்கும் சோதிச்சுட்டுத்தான் தொடுவாங்க. மக்காச்சோளத்துலயும் இதே பூசணம் வருமுங்க, கடலை மட்டும்னு நெனைக்க வேண்டாம்.

வறுத்தாப் போயிருமான்னு கேப்பாங்க. முழுசாப் போகாது. பொறுக்கறதுதான் வழி. எங்க செக்குல காலையில அஞ்சு பொம்பளைங்க முறத்துல கொட்டி உட்காருவாங்க. சுருங்கினது, கருத்தது, தோல் நிறம் மாறினது, முளை வந்தது, பூச்சி ஓட்டை எல்லாம் தனியா ஒதுக்கிருவாங்க. ஊட்டுலயும் அப்படிப் பொறுக்குங்க. வாயில போட்டதும் கசந்தாத் துப்பிருங்க. குழந்தைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்க, நெறையப் பேர் கசப்பையும் சேர்த்து முழுங்கிருவாங்க.

பவானி_அம்மா:

எல்லாரும் சொல்றது சரிதானுங்க, என்னோடதையும் கேளுங்க. எம் பொண்ணுக்கு அப்ப 4 வயசு. அவ போன பள்ளிக்கூடத்துல பொறந்தநாள்னு ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் அவ கடலை தின்னது இல்லை. அரை மணி நேரத்துல உதடு வீங்கி, உடம்பு பூராத் தடிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. எங்களுக்குச் சொன்னதே ரொம்ப லேட்டு. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்ததால புள்ளை பொழச்சா. இப்ப 11 வயசு, கடலை எண்ணெய்கூட எங்கூட்டுல கிடையாது.

டப்பாவுல கடலை போட்டு அனுப்பறவங்க வகுப்புல யாருக்காவது ஒவ்வாமை இருக்குதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. கையைக் கூப்பிக் கெஞ்சறேன். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு முழுப் பருப்பா கொடுக்காதீங்க, தொண்டையில மாட்டிக்கும்.

உணவியல்_கோவை:

அக்கா, எழுதினதுக்கு நன்றி. பயந்துட்டு கடலையே காட்டாம வளர்க்கறதும் சரியில்லைன்னு இப்ப தெரிஞ்சிருக்கு. லண்டன்ல 640 கைக்குழந்தைகளை வெச்சு நடந்த ஒரு ஆய்வோட முடிவு 2015ல வெளிவந்துச்சு, எல்லாம் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் இருக்கிற குழந்தைங்க. முதல் வருசத்துலேயே கடலை உணவைக் குழைச்சுக் கொடுக்க ஆரம்பிச்ச குழந்தைகள்ல 5 வயசுல கடலை ஒவ்வாமை 80 சதவீதம் போலக் குறைஞ்சிருந்தது. ஆனா கரப்பான்கிற தோல் நோய், முட்டை ஒவ்வாமை இருக்கிற குழந்தைன்னா டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்கக் கூடாது.

காங்கேயம்_ரோடு:

சாக்லேட் போட்ட வகையைப் பத்தி யாருமே பேசலை. என் தங்கச்சி ஊட்டுல அதுதான் வாங்கறாங்க. 100க்கு 30 கிராம் வாக்குல சர்க்கரை. ஒரு டீஸ்பூன் 4 கிராம்னு போட்டா ஏழு ஸ்பூனுக்கு மேல. பொருள் பட்டியல்ல எது எடை அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம். ரெண்டாவது பேரு சர்க்கரையா இருந்தாக் கீழ வெச்சுருங்க. நட்ஸ் படம் போட்ட மூஸ்லி (தானியமும் நட்ஸும் கலந்தது) பாக்கெட்டுலயும் பின்னாடி பாதாம் எத்தனை சதவீதம்னு பாருங்க, நான் பார்த்த ஒண்ணுல 4தான்.

வெள்ளகோயில்_பொண்ணு (திருப்பூர்):

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுருங்க. ஆர்டர் டெலிவரி நேரம்.

ஒரு சின்னத் தராசு வாங்கினேன். மொத நாளே தெரிஞ்சுருச்சு. நான் 30 கிராம்னு நெனச்சுக் கொட்டிட்டிருந்த கிண்ணம் 54 கிராம். அம்மா அள்ளிப் போட்ட கை வேகவெச்ச பருப்பா 46 கிராம். வேகவெச்சா தண்ணி ஏறுமே, அதோட கணக்கு வேறயா இருக்குமான்னு கேக்கணும்.

இப்ப திங்கள், புதன் கார்ன்ஃபிளேக்ஸ் 30 கிராம், பால், மேல ஒரு ஸ்பூன் வறுத்து ஒண்ணுரெண்டாப் பொடிச்ச கடலை. சர்க்கரை தனியாப் போடறதை நிறுத்தியாச்சு, பாதி வாழைப்பழம் நறுக்கிப் போடறேன். மத்த நாள்ல ராத்திரியே ஊறின கம்பஞ்சோறு, மோர், தொட்டுக்கக் கடலைச் சட்னி. ஒரு நாள் சந்தகை, இடியாப்பம் மாதிரி. வீட்டுக்காரர்கிட்ட இந்த இழையைக் காட்டினேன். முழுசாப் படிச்சாரு. அடுத்த நாள் அம்மாவுக்கு அவரே போன் பண்ணி, "அத்தை, பையனுக்குக் கடலைக்காய் கொஞ்சம் அனுப்பி உடுங்க"ன்னாரு. வகுப்புல கேட்டுட்டேன், பவானி அக்கா, ஒவ்வாமை யாருக்கும் இல்லைன்னு மிஸ் சொன்னாங்க. பத்தரை மணிக்கு இன்னும் பசிக்குதுங்கறான், ஆனா படுத்துக்கறது இல்லையாம். மிஸ் மறுபடி எழுதி அனுப்பலை.

அம்மா இப்ப ஒரு சாக்குக் காயாவே அனுப்பறேங்கறாங்க. எங்களுக்கு மாடி வீடு, வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளி கிடையாது. எப்படி வெக்கறதுங்க?

உணவியல்_கோவை:

வேறதான்ம்மா. வேகவெச்ச பருப்புல 100 கிராமுக்கு 320 கலோரி, புரதம் 13, 14 கிராம்னு இறங்கிரும், தண்ணி சேர்ந்ததால. 46 கிராம்னா 6 கிராம் புரதம். அந்தக் கை சரியான கைதான்.

சிவகிரி_செக்கு:

தோலோடவே வெய்யுங்க, உரிச்ச பருப்பு சீக்கிரம் காறிப் போகும். வந்ததும் பத்துக் காயை எடுத்துக் காதோரமா ஆட்டிப் பாருங்க. கலகலன்னு பருப்பு ஆடற சத்தம் வந்தாக் காஞ்சிருக்கு. மொத்தையா சத்தமே இல்லைன்னா மொட்டை மாடியில ரெண்டு மூணு நாள் வெய்யில் காட்டுங்க, சாயங்காலம் பனி இறங்கறதுக்குள்ள அள்ளிரணும். பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க, வேர்த்துரும். சாக்குலயே வெச்சு, தரையில படாம ஒரு பலகை மேல, செவுத்தைத் தொடாம நிறுத்துங்க. வாரத்துக்கு ஆகறதை மட்டும் உரிச்சு, பொறுக்கி, டப்பாவுல போட்டுக்குங்க.